சுருக்கு லிங்க்... இதுவும் சுருக்குமடி வலைதான்! பழவேற்காடு மாணவர்களே உஷார்

பொன்னேரி:

"மீன்பிடி தடைக்கால நிவாரணம் வந்தாச்சு, இங்கே தொடவும்." இப்படி ஒரு மெசேஜ் வாட்ஸ்அப்பில் வந்தால் பழவேற்காடு பக்கம் எத்தனை வீட்டில் தொடாமல் இருப்பாங்க?

கிழக்கு கடலோரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இதற்கான நிவாரணம் 5 ஆயிரத்தில் இருந்து 8 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்படும் என 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பணம் வருவது வங்கி கணக்குக்கு. கணக்கோடு இணைந்த நம்பர் இருப்பது வீட்டு செல்போனில். அதை படிச்சு சொல்றது யார்? கூனங்குப்பமோ, லைட்ஹவுஸ் குப்பமோ, பல வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான். மோசடிக்காரனுக்கும் பணத்துக்கும் நடுவில் நிற்பது ஒரு மாணவனின் கட்டை விரல்!

ஏன் சுருக்குறாங்க?

எஸ்.எம்.எஸ்.சில் தமிழில் எழுதினால் ஒரு மெசேஜுக்கு 70 எழுத்துதான். நீள முகவரி அதில் அடங்காது. அதனால் பேங்க்காரர்களும் சுருக்கு லிங்க் அனுப்புறாங்க. எல்லாமே திருட்டு லிங்க் இல்லை. ஆனால் உள்ளே எந்த முகவரி இருக்கிறது என்பது வெளியே தெரியாது. சுருக்குமடி வலையில் அடிக்கயிறை இழுக்கும் வரை மீனுக்கு தெரியாத மாதிரிதான்.

பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிக எஸ்.எம்.எஸ்.களை தடுக்கும் டிராய் உத்தரவு 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்புக்கு இது பொருந்தாது. ஓட்டை அங்கேதான்!

எப்படி பார்ப்பது?

* லிங்க்கை தொடாமல் காப்பி செய்யுங்க. பிட்.லி லிங்க் என்றால் கடைசியில் கூட்டல் குறி (+) சேர்த்து பிரவுசரில் போடுங்க. உள்ளே போகாமலே, அது எங்கே போகிறது என்று காட்டும்.

* முகவரியில் முதல் ஒற்றை சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கு என்று பாருங்க. அரசு தளம் பெரும்பாலும் "கவ்.இன்" என்று முடியும். "கவ்.இன்" நடுவில் வந்து, கடைசியில் வேறு ஏதாவது இருந்தால் சந்தேகம்தான்.

* ஏ.பி.கே. பைல் இறங்கினால் இன்ஸ்டால் செய்யவே கூடாது.

* நிவாரணம் என்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்க. உதவித்தொகை என்றால் பள்ளியில் கேளுங்க.

க்யூ.ஆர். கோடும் இப்படித்தான், உள்ளே இருப்பது கண்ணுக்கு தெரியாது. கல்வி உதவித்தொகை தருவதாக கூறி க்யூ.ஆர். கோடு அனுப்பி பெற்றோரிடம் பணம் சுருட்டிய கும்பலை 2024-ல் கோவை போலீசார் கைது செய்தனர். குறி வைத்தது மாணவர் வீடுகளைத்தான்.

ஒரு பீரியடு போதும்

"லிங்க்கை தொடாதே" என்று மைக்கில் சொன்னால் மட்டும் போதாது. தொடாமல் எப்படி இருக்க முடியும்? ரிசல்ட் முதல் உதவித்தொகை வரை எல்லாமே லிங்க்கில்தான் வருகிறது. பார்த்து தொடுவது எப்படி என்று செய்து காட்டணும். முகத்துவாரத்தில் மணல் ஏறியிருக்கா என்று பார்க்காமல் படகை விடாத ஊர் இது. இந்த பாடம் பிள்ளைகளுக்கு சுலபமாக ஏறும். தடைக்காலம் தொடங்கும் முன் பள்ளிகளில் ஒரு பீரியடு ஒதுக்கினால் போதும். பிள்ளை கற்றால் வீடே கற்ற மாதிரி.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்கு போன் போடுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். பிள்ளை தெரியாமல் தொட்டிருந்தால் அடிக்காதீங்க. அடிக்கு பயந்து மறைக்கும் நேரத்தில்தான் பணம் கைமாறிப் போகும்.