பொரித்த காளானைச் சத்துணவு என்னலாமா?

காளான் வளர்ப்பு நம் போன்றோருக்கு உகந்த தொழில். களத்தில் மிஞ்சும் வைக்கோலிலும், நூற்பாலையில் மிஞ்சும் பஞ்சுக் கழிவிலும் சிப்பிக் காளான் செழித்து வளரும். ஆகவே, கூட்டுறவுச் சங்கங்கள் இதனை ஆதரிப்பது முற்றிலும் தக்கதே. ஆயினும், மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த காளானைச் 'சத்துணவு' என்று கூறி விற்பது கூட்டுறவாளருக்கு அழகன்று என்பது என் துணிபு.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. நூறு கிராம் பச்சைக் காளானில் சுமார் 3 கிராம் புரதம் உண்டு; கொழுப்போ அரை கிராம் அளவுக்குள் அடங்கும்; கலோரி 20 முதல் 35 வரை. பொட்டாசியமும் ரிபோபிளேவின், நியாசின் ஆகிய பி வைட்டமின்களும் அதில் உள்ளன. பொரிக்கும்பொழுது நீர் ஆவியாகி வெளியேற, எண்ணெய் உட்புகுகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே ஏறக்குறைய 120 கலோரி தரும். அதாவது, காளான் தருவதைப் போல் பன்மடங்கை எண்ணெய் தந்துவிடுகிறது! 2017ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும் இதனையே கூறுகிறது: பொரித்த காளானில் புரதத்தின் பங்கு குறைந்து, கொழுப்பும் கலோரியும் மிகுந்தன, சுட்ட காளானில் சத்து நன்கு நிலைத்தது.

"பொரித்ததைத்தான் மக்கள் விரும்பிக் கேட்கின்றனர்; அதனால் வருமானமும் வருகிறது" என்று சில அன்பர்கள் கூறக்கூடும். உண்மைதான். பண்டிகை நாளில் பொரித்துண்பதை யாரும் தடுக்கவில்லை. சுவையான பண்டத்தைச் சுவையானது என்றே சொல்லி விற்போம். சத்தின் பெயரால் விற்க வேண்டா. நாள் முழுதும் தறியில் அமர்ந்து உழைப்பவர், 'உடம்புக்கு நல்லது' என்ற நம் சொல்லை நம்பி நாள்தோறும் அதனை வாங்கியுண்டால், அதன் விளைவுக்கு நாமும் பொறுப்பாளிகள் அல்லவா?

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூட்டுறவுக் கடை தொடங்கினர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமற்ற பண்டம், குறையாத எடை என்பனவே அக்கடைக்குப் பெயர் தேடித் தந்தன. பண்டத்தில் மட்டுமன்று, சொல்லிலும் கலப்படம் கூடாது.

ஆதலின், சங்கங்கள் பச்சைக் காளானுக்கே முதலிடம் தரட்டும். மிளகும் சீரகமும் சேர்த்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கும் முறையை விற்பனைச் சாலையிலேயே செய்து காட்டட்டும். வளர்ப்பவருக்கு விலையும் உண்பவருக்கு நலமும் ஒருங்கே கிட்டும் வழி அதுவே.