பெயர் தெரியாதவரும் எம்மவரே



1977, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்டு வன்னியிலும் மன்னார்ப் பெருநிலத்திலும் குடியேறிய எம் உறவுகள் பலர். அவர்களைப் பார்க்கவும், தோட்டச் சம்பளம் போதாமல் கூலி வேலை தேடியும் எம்மவர் அந்தப் பக்கம் போய் வருகிறார்கள்.

அப்படிப் போன ஒருவர் விடத்தல்தீவு வீதியில் வாகனம் மோதி நினைவிழந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பையும் போனும் காணாமற் போய்விட்டன. யாரோ ஒரு புண்ணியவான் வைத்தியசாலையில் சேர்க்கிறார். அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுகிறார்கள். பதிவேட்டில் "பெயர் தெரியாத ஆண்" என்று ஒரு வரி மட்டும் ஏறுகிறது. ஹட்டனில் லயத்து வாசலில் நிற்கும் மனைவிக்கு எந்தக் கதவைத் தட்டுவதென்று யார் சொல்வது?

சட்டம் சாவைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, விபத்தாலோ சந்தேகத்துக்கிடமாகவோ நேரும் மரணத்தைத் திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரிக்க வேண்டும். உயிரோடு, பெயரில்லாமல் கட்டிலில் கிடப்பவருக்காகவும் சட்டம் அதே தெளிவோடு பேச வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

நடக்கக்கூடிய காரியம்தான் இது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட பச்சைக் குழந்தையை உலகமே "81ஆம் இலக்கக் குழந்தை" என்று அழைத்தது. பலர் தம் பிள்ளை என்றதாகச் செய்திகள் வந்தன. வைத்தியசாலை குழந்தையைப் பராமரித்தது, நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது, 2005 பெப்ரவரியில் பிள்ளை பெற்றோர் கைக்குப் போனது. உலகத்தின் கண் பட்ட ஒரு குழந்தைக்குக் கிடைத்தது, யார் கண்ணிலும் படாத ஒரு கூலித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டாமா?

இந்தியாவில் 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. அடிபட்டு வருபவர் யாராயினும், பொலிஸ் நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிரைக் காப்பது அரசாங்க வைத்தியரினதும் தனியார் வைத்தியரினதும் கடமை என்பதே அந்தத் தீர்ப்பு.

நாம் கேட்பது இவைதான். பெயர் தெரியாதவருக்கும் சிகிச்சை தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். சேர்க்கப்பட்ட அன்றே பொலிசுக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவிக்க வேண்டும். உடலின் அடையாளங்களும் உடுப்பு விபரமும் தமிழிலும் சிங்களத்திலும் நாட்டின் எல்லா வைத்தியசாலைகளுக்கும் போக வேண்டும். நோயாளியை வேறிடத்துக்கு மாற்றினால் எங்கே என்று எழுதி வைக்க வேண்டும். அவர் இறந்துவிட்டால் கைரேகையும் மரபணு மாதிரியும் எடுக்காமல் புதைக்கக் கூடாது. இவற்றைச் செய்வது அதிகாரியின் நல்ல மனதை நம்பி இருக்காமல் கட்டாயக் கடமையாக வேண்டும்.

இது எமக்குப் புதிய கவலை அல்ல. தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையிறங்கி மாத்தளைக்கு நடந்த எம் முன்னோரில் எத்தனையோ பேர் கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னர் வந்தவர்களின் கழுத்தில் இலக்கம் பொறித்த தகரத் துண்டைத் தொங்கவிட்டார்கள். அது எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று துரைமாருக்குத் தெரிவதற்காக. அவர் யாருடைய பிள்ளை என்பதை அது சொல்லவில்லை. யுத்தத்தில் காணாமற்போனவர்களைத் தேடி இன்றும் அலையும் மன்னார்க் கரைத் தாய்மாருக்கும் இந்த வேதனை தெரியும்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. வெளியூர் போகிறவர்கள் பெயர், தோட்டம், டிவிசன், அடையாள அட்டை இலக்கம், வீட்டார் இருவரின் போன் இலக்கம் எழுதிய துண்டைச் சட்டைப் பைக்குள் வையுங்கள். போகுமிடத்தைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். ஒருவர் வராவிட்டால் நாளை வருவார் என்று இருந்துவிடாமல் பொலிசில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்குங்கள். வீதியில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்சுக்குக் காசில்லை.

அன்று கழுத்தில் தொங்கிய தகரம் துரைமாருக்காக. இன்று பையில் இருக்கும் துண்டு எம் குடும்பத்துக்காக. ஆனால் துண்டு தொலைந்தாலும் மனிதன் தொலையக் கூடாது. அதற்குத்தான் சட்டம் வேண்டும்.