அக்கரையில் ஓர் இரவு



மறைபரப்பு ஞாயிறு வந்தால் நம் வகுப்புகளில் உண்டியல் சுற்றி வரும். காசைப் போடுகிறோம், தூரதேசத்துத் திருச்சபைக்கு உதவிவிட்டோம் என்று மனநிறைவு கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் என் தாய்மாமா குடும்பத்தாருடன் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குச் சென்று வந்தபின் அந்த மனநிறைவு என்னை விட்டுப் போய்விட்டது. போனது நல்லதே என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 12 கடல் மைல் தொலைவிலுள்ள கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர். அங்கே ஊர் கிடையாது, குடிநீரும் கிடையாது. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அது இலங்கைக்கு உரியதாயிற்று. ஆனால் நம் நாட்டுத் திருப்பயணிகள் விசா இன்றியே அங்கு சென்று வரலாம் என்று அதே ஒப்பந்தம் இடமளிக்கிறது. தவக்காலத்தில் வரும் திருவிழாவை யாழ்ப்பாண மறைமாவட்டம் நடத்துகிறது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் தடைபட்டிருந்த விழா, போர் ஓய்ந்தபின் மீண்டும் களைகட்டியது. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் புதிய ஆலயமும் திறக்கப்பட்டது.

நாங்கள் போகும்போது பைகள் நிறையப் பொருள்கள் கொண்டு போனோம். "பாவம், போரில் அடிபட்ட சனங்கள்" என்று அத்தை சொல்லிக்கொண்டே வந்தார். கொடுப்பவர்கள் நாம், பெறுபவர்கள் அவர்கள் என்ற எண்ணம் என் மனத்திலும் இருந்தது.

கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி எல்லாம் முடிந்து இரவில் மணலில் படுத்திருந்தோம். பக்கத்தில் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா இருந்தார். தாம் கொண்டுவந்த சோற்றில் எனக்கும் பங்கு வைத்துக் கொடுத்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்: "பிள்ளை, உங்கட இழுவைப் படகுகள் இரவிலை வந்து எங்கட வலையளை அறுத்துக்கொண்டு போகுது. கடன்பட்டு வாங்கின வலை. அதையும் அந்தோணியாரிட்டைச் சொல்லு."

என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஏனெனில் என் மாமா இழுவைப் படகில் கூலிக்குப் போகிறவர். அவருக்கும் ஒரு கதை உண்டு. கூடப் பிறந்தவரைப் போன்ற நண்பர் அக்கரையில் பிடிபட்டுச் சிறையில் இருந்தார், படகும் திரும்பவில்லை. நம் கரையில் எத்தனை தாய்மார் இப்படி அழுதிருக்கிறார்கள்! கடலில் உயிரையே இழந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த அம்மாவின் கண்ணீரை அன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாதிருந்தவர்கள் 2009க்குப் பின் தொழிலுக்குத் திரும்பியபோது, கடலடியை வாரும் மடிகளைத்தான் கண்டார்கள். இழுவை மடியை இலங்கை 2017ஆம் ஆண்டில் சட்டத்தால் தடை செய்தது.

அடுத்த ஆண்டு, 2024இல், நம் மீனவருக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததால் இராமேசுவரத்தார் திருவிழாப் பயணத்தையே புறக்கணித்தனர். அவர்கள் வேதனை நியாயமானது. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை இருகரை மக்களும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடும் அந்த ஓர் இரவையும் இழந்தோமே என்று என் மனம் வருந்தியது. காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் அல்லவா நம் ஆண்டவர்?

தோழியரே, புனித யோசேப்பு வாஸ் அடிகளை எண்ணிப் பாருங்கள். கோவாவில் பிறந்த அவர், டச்சுக்காரர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்த இலங்கைக்கு 1687ஆம் ஆண்டு ஏழையின் கோலத்தில் போனார். அம்மக்களின் தமிழையும் சிங்களத்தையும் கற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, பிறர் விட்டோடிய நோயாளிகளைத் தம் கையால் பேணினார். 1711இல் அங்கேயே உயிர் நீத்தார். 2015ஆம் ஆண்டு சனவரியில் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவர் போனது ஓர் இரவுக்கு அன்று. 24 ஆண்டுகள் தங்கினார்.

நம்மால் அது முடியாதுதான். ஓர் இரவில் என்ன செய்ய முடியும்? கேட்க முடியும். கோவளத்தில் இருக்கும் என் பாட்டி அடிக்கடி ஒன்று சொல்வார். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபின் எத்தனையோ பேர் வந்து அரிசி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். ஆனால் பாட்டி இன்றும் செபத்தில் நினைப்பது, ஒன்றும் கொடுக்காமல் திண்ணையில் உட்கார்ந்து "என்னம்மா நடந்தது?" என்று கேட்ட ஒரு சகோதரியைத்தான். அதே அலைதான் அக்கரையையும் அடித்தது என்பதை நாம் மறக்கலாமா?

ஆகவே என் கருத்து இதுதான். உண்டியலில் காசு போடுவதை நிறுத்த வேண்டாம். அத்துடன் அந்த ஞாயிறன்று அக்கரைத் திருச்சபையின் துன்பம் ஒன்றைக் கேட்டறிவோம். அதில் நம் பங்கு உண்டா என்றும் கேட்போம். மறைமலைநகரில் நின்றால் கடல் தெரியாது. ஆயினும் நம் தட்டுக்கு வரும் மீன் எந்தக் கடலில், எந்த மடியில் பிடிபட்டது என்று நாம் கேட்கலாமே!

ஊர் திரும்பியதும் அந்த அம்மா சொன்னதை மாமாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தோணியாரிடம் சொன்னாயா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன்.

"சரி, எனக்கும் சேர்த்துச் சொல்" என்றார்.