உலோகம் இல்லையென்றால் பசுமையாகிவிடுமா?

"உலோகமே இல்லாத வினையூக்கி, ஆகவே சுற்றுச்சூழலுக்கு நல்லது!" கருத்தரங்குகளில் இந்த வரிக்குக் கைதட்டல் நிச்சயம். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

2006-ல் கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஸ்டீபன் குழு செய்தது சாதனைதான், மறுக்கவில்லை. போரானும் பாஸ்பரஸும் பருத்த தொகுதிகள் குறுக்கே நிற்பதால் ஒன்றுசேர முடியாமல் தவிக்கும் ஒரு மூலக்கூறு. அது ஹைட்ரஜனைப் பிளந்தது, சூடாக்கினால் திருப்பித் தந்தது. அடுத்த ஆண்டே இமீன்களை ஹைட்ரஜனேற்றம் செய்து காட்டினார்கள். நிக்கல், பல்லேடியம் என்றே படித்து வந்த நமக்கு அது அதிர்ச்சி வைத்தியம்.

ஆனால் பசுமை எங்கே? போரானில் தொங்கும் அந்த ஃப்ளூரின் வளையங்களை ஒட்டுவதற்கே வழக்கமாக மெக்னீசியமோ லித்தியமோ வேண்டும்! இவ்வகை வினையூக்கிகளில் பெரும்பாலானவை ஈரம் பட்டால் படுத்துவிடும். நல்ல ரோடியம் வினையூக்கி ஆயிரம் மூலக்கூறுக்கு ஒன்று போதும் என்கிற இடத்தில், இவை பல சமயம் நூற்றுக்கு ஐந்து கேட்கின்றன. பல்லேடியம் பூசிய கரியையாவது வடிகட்டி எடுத்துவிடலாம்.

உலோகம் இல்லை என்பது ஒரு தகவல். நற்சான்றிதழ் அல்ல. எத்தனை கிராம் கழிவு, எத்தனை சுழற்சி என்று கணக்கு காட்டுங்கள் ஐயா... அப்புறம் நானும் கைதட்டுகிறேன்.