பண்பாட்டைக் கெடுப்பது எந்தச் சிரிப்பு?

பொங்கல் விழா ஏற்பாட்டுக்காகப் பாராடாங்கில் நம் சங்கம் கூடியபோது, பெரியவர் ஒருவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். விழா மேடையில் 'ரீமிக்ஸ்' வீடியோ எதையும் காட்டக் கூடாது என்பது தீர்மானம். பழைய படப் பாட்டின் மெட்டை எடுத்து, காட்சியை வெட்டி ஒட்டி, மந்திரியின் தலையைக் கதாநாயகன் உடம்பில் பொருத்தி, கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும் அவதியைப் பாட்டாக்கி இளைஞர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்களே, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "நம்ம பண்பாடு அழுகிப்போச்சு தம்பிகளா, நீங்க அதுக்குத் தாளம் போடுறீங்க" என்றார். மூன்று தம்பிகள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். குரல் உயர்ந்தது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

நாம் எழுத வந்தது அந்தத் தகராறுக்காக மட்டும் அன்று. பிறகு தேநீர் வேளையில் நடந்ததற்காக. ஒரு கைப்பேசி கை மாறிக் கை மாறி வந்தது. டிரங்க் ரோட்டில் ஓடும் வண்டியின் கண்ணாடி வழியாக யாரோ எடுத்த ஜாரவா மக்களின் படம்; அவர்களின் காலசைவுக்குப் பொருந்தும்படி ஒரு குத்துப்பாட்டை ஒட்டியிருந்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். தீர்மானம் கொண்டுவந்த பெரியவர் சிரித்தார். அவரை எதிர்த்த தம்பிகளும் சிரித்தார்கள். மறைப்பானேன், நாமும் சிரித்த பிறகுதான் வாயை மூடினோம்.

முதலில் பெரியவருக்கு ஒன்று சொல்வோம். ஐயா, கிண்டல் தமிழனுக்குப் புதிதா? தெருக்கூத்தில் ராஜா வேடம் முழக்கமிட்டு வரும்போது, பக்கத்திலேயே நின்று அந்த ராஜாவைக் காலை வாரிவிடுபவன் கட்டியங்காரன் அல்லவா? நந்தனார் கதையைப் பாகவதர்கள் காலட்சேபமாகப் பாடி வந்த நாட்டில், அதே காலட்சேப வடிவை எடுத்துக்கொண்டு 'கிந்தனார்' நடத்தினார் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அது இடம் பெற்றது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்கினான். மெட்டும் சுருதியும் பழையவை, கேள்வி புதியது. இன்றைய சொல்லில் அதற்கு ரீமிக்ஸ் என்றுதான் பெயர்!

2010-ல் வந்த 'தமிழ்ப்படம்', நம் சினிமாப் பாட்டுகளில் நிரம்பி வழியும் பொருளற்ற சொற்களையே கோத்து ஒரு காதல் பாட்டாக்கியது. அந்தப் பாட்டா பண்பாட்டைக் கெடுத்தது? கெட்டுப்போனதை எடுத்துக் காட்டியது. 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண், அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் மெட்டில் கொடைக்கானல் பாதரச நஞ்சைப் பற்றிப் பாடி இணையத்தில் விட்டார். இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001-லேயே மூடப்பட்டுவிட்டது. அங்கே உழைத்தவர்கள் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நீதி கேட்டு அலைந்துகொண்டிருந்தார்கள். பாட்டு உலகம் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. பாட்டு ஒன்றே சாதித்தது என்று சொல்லமாட்டோம். சாதித்தது தொழிலாளரின் விடாப்பிடி. ஆனால் கம்பெனிக்குக் காது இருக்கிறது என்பதை அந்தப் பாட்டு கண்டுபிடித்தது.

இனி தம்பிகளுக்கு. 2007-ல் 'பென்னி லாவா' என்று ஒரு வீடியோ அமெரிக்காவில் பரவியது, நினைவிருக்கிறதா? 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்தில் பிரபுதேவா ஆடும் பாட்டுதான். அங்கே ஒருவர், தமிழ்ச் சொற்கள் தம் காதில் எந்த ஆங்கிலச் சொற்களாக விழுந்தனவோ அவற்றையே அடியில் எழுத்தாக ஓடவிட்டார். தமிழில் என்ன பாடுகிறார்கள் என்பது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. புரியாததுதான் அங்கே நகைச்சுவை. லட்சக்கணக்கானோர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தமிழர் பலரும் சேர்ந்து சிரித்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் நம்மில் எத்தனை பேருக்கு உள்ளே ஒரு முள் குத்தியது! நம் வாய்மொழி அவர்களுக்கு வெறும் ஓசையா என்று கேட்டோமே!

அந்த முள்ளை வைத்துக்கொண்டு ஜாரவா வீடியோவைப் பாருங்கள். 'ஜாரவா' என்பதுகூட அவர்கள் தங்களுக்கு இட்ட பெயர் அன்று. அக்கம்பக்கத்து இனத்தார் 'அந்நியர்' என்ற பொருளில் இட்டது. அவர்கள் தம்மை 'ஆங்' என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் நானூறு பேருக்கும் குறைவு. அந்தக் காலசைவு மகிழ்ச்சியா, அச்சமா, அது ஆட்டம்தானா என்பது குத்துப்பாட்டை ஒட்டியவருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. பென்னி லாவாவுக்குப் பதில் எழுதத் தமிழனிடம் கைப்பேசி இருந்தது. ஆங் மக்கள் எந்த யூடியூபில் பதில் போடுவார்கள்?

2012 சனவரியில் லண்டன் 'அப்சர்வர்' ஏடு வெளியிட்ட வீடியோவை நாம் மறக்க முடியாது. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன காட்சி அது. பழைய படம் என்று நிர்வாகம் வாதாடியது. பழைய வெட்கம் என்றால் பாதி விலையா? அந்த ஆண்டே 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை கடுமையாக்கப்பட்டது. 2017-ல் பழங்குடியினருக்கான தேசிய ஆணையம், இத்தகைய வீடியோக்களை யூடியூபிலிருந்து நீக்க நடவடிக்கை கோரியது. அப்போது நம் தீவுகளில் செயற்கைக்கோள் இணைப்பு. வீடியோ சுற்றிச் சுற்றியே நின்றுவிடும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்தது. நல்லது வேகமாக வருகிறது, இதுவும் வேகமாகப் போகிறது.

இங்கேதான் நம் சோற்றுப் பானையும் உட்கார்ந்திருக்கிறது. 2013 சனவரியில் உச்சநீதிமன்றம் அந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகளைத் தடுத்தபோது, மார்ச்சில் தடை நீங்கும்வரை சுண்ணாம்புக் குகைக்குப் படகு இல்லை, சேற்று எரிமலைக்கு ஜீப் இல்லை, டீக்கடையில் ஆள் இல்லை. "நானூறு பேருக்காக நாம் பட்டினியா?" என்று நம்மவர் கேட்டார்கள். கேள்வியில் வலி இருந்தது. ஆனால் இந்தத் தீவுகளில் நாம் வந்தேறிகள். அவர்கள் காட்டைப் பிளந்த சாலையில் வரும் காசில்தான் நம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். பயணிகளுக்குத் தனியே கடல்வழிப் படகுகள் நிறைய விடுங்கள் என்று அன்றே ஒன்றாக நின்று கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது கேட்போம். கடல் வழியே வருகிறவனும் பாராடாங்கில்தானே டீ குடிப்பான்?

அந்தக் கைப்பேசிக்காரரிடம் பேசினோம். நம் கண் முன்னாலேயே அழித்தார். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டதற்கு, நம் சங்கக் குழுவிலிருந்தே என்றார். ஆகவே குழுவில் உள்ள எல்லோரும் அழித்துவிட வேண்டும். யார் அனுப்பினாலும் மறுபடி அனுப்பக் கூடாது. சட்டத்துக்குப் பயந்தாவது செய்யுங்கள்.

பொங்கல் மேடையில் ரீமிக்ஸுக்குத் தடை வேண்டாம் என்பது நம் கருத்து. கப்பல் டிக்கெட், மருத்துவர் இல்லாத நாள், ஓட்டுக் கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் என்று பாட ஏராளம் இருக்கிறது. சங்க நிர்வாகிகளையும் பாடலாம். செயலாளர் மட்டும், தம் மீசையை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார். பெரியவருக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.