பள்ளிவாசல் கொம்பியூட்டரில் இருக்கும் அந்தப் பழைய அக்சஸை என்ன செய்வது?



கொஞ்ச நாளாக ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. பள்ளிவாசல் காரியாலயத்தில் உள்ள பழைய கொம்பியூட்டரில் மஹல்லா குடும்பப் பதிவும் சந்தாக் கணக்கும் மைக்ரோசொப்ட் அக்சஸில் இருக்கின்றன. "இது பழசு, இன்டர்நெட்டில் ஓடும் புதியதொன்றை எடுப்போம், மாதக் கட்டணம் மட்டும்தானே" என்கிறார்கள் இளைஞர்கள். "ஓடுற சாமானில ஏன் கை வைக்கிற" என்கிறார்கள் பெரியவர்கள். எங்கள் ஊரில் மட்டுமல்ல, மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை இதே கதைதான் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

பாடசாலை முடிந்த நேரங்களில் இப்படியான பதிவுகளுக்கு உதவி செய்துவரும் ஆசிரியர்கள் நாங்கள். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பழசு என்பது மாற்றுவதற்குக் காரணமல்ல, ஓடுகிறது என்பது வைத்திருப்பதற்கும் காரணமல்ல. தேவையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஜமாஅத்தின் காசும் ஏழைக் குடும்பங்களின் விபரமும் இதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

*எது பழசு?*

அக்சஸ் 1992 நவம்பரில் வந்தது. முப்பது வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் மைக்ரோசொப்ட் அதை இன்றும் விற்கிறது, திருத்தங்கள் வெளியிடுகிறது. ஆகவே அக்சஸ் பழசு, ஆனால் மௌத்தாகவில்லை. அதன் தம்பி போல இருந்த பொக்ஸ்புரோவின் கதை வேறு. இனிப் புதிய பதிப்பு வராது என்று 2007இல் மைக்ரோசொப்ட் அறிவித்தது, 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. பொக்ஸ்புரோவில் இன்னும் கணக்கு வைத்திருப்பவர்கள் யோசிக்க நேரமில்லை, உடனே வெளியேற வேண்டும்.

அக்சஸ் உயிரோடு இருந்தாலும் நம் மேசையில் இருக்கும் பதிப்பு உயிரோடு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019, விண்டோஸ் 10 மூன்றுக்கும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு ஆதரவு முடிந்தது. அக்சஸ் 97இல் செய்த கோப்பை அக்சஸ் 2013 முதல் வந்த பதிப்புகள் திறக்கவே மாட்டா. ஆகவே மென்பொருளின் வயது, நம்மிடமுள்ள பதிப்பின் வயது, கோப்பின் வயது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் பிரச்சினை பின்னைய இரண்டில்தான் இருக்கும்.

*நமக்கு எவ்வளவு தேவை?*

ஒரு கணக்குப் போடுவோம். 1,500 குடும்பங்கள் உள்ள மஹல்லா, வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் ஆட்கள் 7,500. மாதம் ஒரு சந்தாப் பதிவு என்றால் குடும்பங்கள் அனைத்துக்கும் வருடத்துக்கு 18,000 வரிகள், இருபது வருடத்துக்கு 3,60,000 வரிகள். அக்சஸ் கோப்பொன்று 2 ஜிகாபைட் வரை தாங்கும். படங்களை உள்ளே திணிக்காமல் எழுத்தும் இலக்கமும் மட்டும் வைத்தால் நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை அது நிரம்பாது.

"அப்படியென்றால் எக்ஸல் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நோன்புக் கஞ்சிக் கணக்குக்குப் போதும், இதற்குப் போதாது. பழைய எக்ஸல் கோப்பு 65,536 வரிகளோடு நின்றுவிடும். மேலே சொன்ன சந்தாக் கணக்கு நாலு வருடம் முடியுமுன் அதைத் தாண்டிவிடும். 2020இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறையே இதில் மாட்டியது. பழைய எக்ஸல் கோப்பின் வரி எல்லை தாண்டியதால் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றாளர்களின் விபரம் கணக்கில் வராமல் விடுபட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் பிந்தியது. புதிய எக்ஸல் பத்து இலட்சம் வரிகளுக்கு மேல் தாங்கும் என்பது உண்மை. ஆனாலும் ஒரே ஆளின் பெயர் நாலு இடத்தில் நாலு மாதிரி எழுதப்படுவதை அது தடுக்காது.

*நம் ஊர்க் குடும்பம் ஒரு வரியில் அடங்காது*

கிழக்கில் நமக்கு ஒரு தனித்தன்மை இருக்கிறது. குடி தாய்வழியில் வருகிறது. பள்ளிவாசலில் குடிக்கு மரைக்காயர் இருக்கிறார். வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது, கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். அதாவது ஓர் ஆண் நிகாஹ் செய்த மறுநாள் அவருடைய வீடு மாறுகிறது, சில வேளை மஹல்லாவும் மாறுகிறது. குடி மட்டும் மாறுவதில்லை. அவருடைய பிள்ளைகளின் குடியோ மனைவியின் குடி.

வேறு இடத்துக்கென்று செய்த மென்பொருளில் குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள் என்று ஒரே அட்டைதான் இருக்கும். குடிக்கு இடமிருக்காது. நமக்குத் தேவை மூன்று அட்டவணைகள்: ஆட்களுக்கு ஒன்று, வீடுகளுக்கு ஒன்று, யார் எந்த வீட்டில் எந்தத் திகதியிலிருந்து இருக்கிறார் என்பதற்கு ஒன்று. ஆள் அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் நேரே அவருடைய தாயின் பதிவிலக்கத்தைப் போட்டுவிட்டால் குடி தாயின் பதிவிலிருந்தே வந்துவிடும். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் முதன்மைச் சாவி, அந்நியச் சாவி என்று படிப்பது இதைத்தான். அக்சஸில் இதை நாமே செய்யலாம், நாமே திருத்தலாம். கட்டணம் கட்டி எடுக்கும் மென்பொருளில் ஒரு கட்டத்தைக் கூட்டக்கூட அவர்களைக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

*உண்மையான நோய்: எழுத்துரு*

பழைய பதிவுகளில் நாங்கள் கண்ட பெரிய பிரச்சினை அக்சஸ் அல்ல, பாமினி. நம் பகுதியில் பல வருடம் எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில்தான் அடித்தோம். பாமினியில் திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. "அம்மா" என்று நாம் அடித்தால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகிறது. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் வெறும் குப்பை.

அகரவரிசையும் நடக்காது. பாமினியில் "ய"வுக்கு ஏ, "க"வுக்கு எப், "அ"வுக்கு எம். ஆகவே பெயர்களை வரிசைப்படுத்தினால் யூசுப் முதலில் வருவார், கலீல் அடுத்து, அஹமது கடைசியில். யுனிகோடில் பெயரை அடித்துத் தேடினால் "அப்படி ஒருவர் இல்லை" என்று வரும், ஆள் அதே மஹல்லாவில் உயிரோடு இருப்பார். இந்தக் கோப்பை அப்படியே புதிய மென்பொருளுக்கு ஏற்றினால் குப்பை இடம் மாறும், அவ்வளவுதான். அக்சஸ் 2000 முதல் யுனிகோடை ஏற்கிறது. பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டும். அதற்கு விடுமுறையில் நாலு உயர்தர மாணவர்கள் போதும்.

*எப்போது அக்சஸ் போதாது?*

இதை நம் கரையோரத்தை விட வேறு யார் அறிவார்? 2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வீட்டோடு போயின. யார் எந்த முகாமில், யாரைக் காணவில்லை, எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்று பல இடங்களில் பல பேர் ஒரே நேரத்தில் பதிய வேண்டியிருந்தது. அதற்காக இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து "சஹன" என்ற இணைய மென்பொருளைச் செய்தார்கள். பிறகு 2005 பாகிஸ்தான் பூகம்பம் உட்பட பல அனர்த்தங்களில் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. ஒரு மேசையில் இருக்கும் அக்சஸ் கோப்பு அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

ஆகவே எல்லை தெளிவு. ஒரு காரியாலயம், ஒன்றிரண்டு பேர் பதிவு, நாளுக்குச் சில பதிவுகள் என்றால் அக்சஸ் தாராளம். ஊரின் பல பள்ளிவாசல்கள் சேர்ந்து ஒரே ஸகாத் பட்டியல் வைப்பதென்றாலோ, சந்தா எடுப்பவர் வீட்டு வாசலில் நின்று கைபேசியில் பதிவதென்றாலோ இணைய மென்பொருள் வேண்டும். அதை இப்போது மறுப்பது பிடிவாதம்.

ஒரு எச்சரிக்கை. அக்சஸ் கோப்பை கூகுள் ட்ரைவ் கோப்புறையில் போட்டு இரண்டு பேர் இரண்டு இடத்தில் திறப்பது இணைய மென்பொருள் ஆகாது. ஒருவர் பதிந்ததை மற்றவருடையது அழிக்கும், கோப்பும் பழுதாகலாம்.

*கரண்டும் காசும்*

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே காலத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. டொலரில் மாதக் கட்டணம் கட்டும் எதுவும் அப்படி ஒரே வருடத்தில் நம் கையை மீறிப் போகலாம். மடிக்கணினியில் உள்ள கோப்பு இணையம் இல்லாமலும் திறக்கும், கட்டணம் நின்றாலும் திறக்கும். வெறுமனே பார்த்துப் பதிவதற்கு அக்சஸ் ரன்டைம் இலவசமாகவே கிடைக்கிறது. முழு அக்சஸ் ஒரு கொம்பியூட்டரில் இருந்தால் போதும்.

மறுபக்கமும் இருக்கிறது. அக்சஸைச் செய்துகொடுத்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டால் அதைத் திருத்த ஊரில் ஆளில்லை என்ற நிலை வரும். இலவசமாக வந்தது என்று நினைத்த சாமானின் உண்மையான விலை அதுதான்.

*எங்கள் ஆலோசனை*

எதை வைத்திருந்தாலும், எதற்கு மாறினாலும் இவற்றை முதலில் செய்யுங்கள்:

1. பாமினியை யுனிகோடாக மாற்றுங்கள்.

2. எல்லா அட்டவணைகளையும் வருடத்துக்கு ஒரு முறையாவது சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். நூலகங்களைப் பாருங்கள். யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த ஐசிஸ் மென்பொருளில் பட்டியல் வைத்திருந்தவர்கள் பிறகு கோஹாவுக்கு மாற முடிந்தது, பதிவுகளைப் பொது வடிவத்தில் வெளியே எடுக்க வழியிருந்ததால்தான்.

3. பிரதி மூன்று: காரியாலயத்தில் ஒன்று, வேறொரு கட்டடத்தில் ஒன்று, கரையை விட்டுத் தூரத்தில் ஒன்று. கடல் எவ்வளவு தூரம் வரும் என்று நமக்குத் தெரியும்.

4. கடவுச்சொல் போடுங்கள். பழைய வகை அக்சஸ் கோப்பின் பூட்டை எவரும் திறந்துவிடலாம். 2007க்குப் பின் வந்த புதிய வகைக் கோப்பில்தான் உருப்படியான பூட்டு இருக்கிறது. யார் ஸகாத் வாங்குகிறார், யார் தலாக் ஆனவர் என்பது வட்ஸ்அப்பில் சுற்றும் விடயமல்ல. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் இருக்கிறது.

5. குறைந்தது இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். விதவைகளின் விபரத்தைக் கேட்டுப் பதிய அதுவே முறை.

6. புதிய மென்பொருள் விற்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். குடிக்கு இடமிருக்கிறதா? கட்டணத்தை நிறுத்தினால் எங்கள் பதிவுகளை முழுமையாகத் தருவீர்களா? அது எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவரோடு ஒப்பந்தம் வேண்டாம்.

இந்த ஆறில் முதல் ஐந்தையும் செய்தால் நம் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்கும் சங்கங்களுக்கும் அக்சஸே இன்னும் பல வருடம் போதும் என்பது எங்கள் முடிவு. செய்யாவிட்டால் புதிதாக எதை வாங்கினாலும் பயனில்லை. மென்பொருள் வாங்க ஒதுக்கும் காசில் ஒரு பகுதியை முதல் வருடம் பதிவுகளைச் சுத்தம் செய்யும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அடுத்த வருடம் உண்மையாகவே போதாதென்று கண்டால், சுத்தமான பதிவோடு எங்கும் மாறலாம்.

பதிவுப் புத்தகம் ஓர் அமானிதம். ஒரு ஜனாஸா விழும்போது யாருக்கு அறிவிப்பது, பெருநாளைக்கு முன் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதைச் சரியாகச் சொல்லத்தான் அது இருக்கிறது.

உங்கள் பள்ளிவாசலில், பாடசாலையில், சங்கத்தில் பதிவு எதில் இருக்கிறது? கீழே எழுதுங்கள். பாமினிக் கோப்பு மாற்ற உதவி தேவையானவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், விடுமுறை நாட்களில் இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ். நம்பிக்கையாளர் சபைகளில் உள்ள சகோதரர்களுக்கு இதை எத்திவையுங்கள்.

வஸ்ஸலாம்.