ஏழு சபைகளும் முரணும் உரைகளும்

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் அறப்பள்ளியீசுரர் திருக்கோயில் விளங்குகின்றது. அம்மலையில் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலப் பாதிரியார் குடியேறி, 1929-இல் காய்ச்சலால் மாயுமளவும் பிணியாளர்க்கு மருந்தளித்தார். அத்தொண்டு போற்றற்பாலதே. ஆயினும் தொண்டின் மேன்மை கொள்கையின் மெய்ம்மைக்குச் சான்றாகாது. கொள்கை தனியே ஆராயற்பாலது.

கிறித்துவ வேதத்தின் இறுதி நூலில், எபேசு முதல் லவோதிக்கேயா ஈறாக ஆசியா நாட்டு ஏழு சபைகட்கு வரைந்த நிருபங்கள் உள. அவை அந்நகரத்தார்க்கே உரியன என்பர் ஒருசாரார். எக்காலத்தார்க்கும் பொதுவாகிய அறிவுரை என்பர் மற்றொருசாரார். உலக முடிவுவரை அடுத்தடுத்து வரும் ஏழு சபைக்காலங்களை முன்னறிவிப்பன என்பர் பிறிதொருசாரார்.

இம்மூன்றாஞ் சாராருள்ளேனும் ஒற்றுமை உண்டோ? இறுதியாகிய லவோதிக்கேயாக் காலம் 1844-இல் தொடங்கிற்றென்பர் ஏழாம்நாள் அட்வெண்டிஸ்டு சபையார். 1906-இல் என்றார் அமெரிக்கப் போதகர் பிரன்ஹாம். 1909-இல் வேதக்குறிப்பு வெளியிட்ட ஸ்கோபீல்டு, தியத்தீராவைப் போப்பாண்டவர் ஆட்சி என்றார். உரோமைச் சபையார் அதற்கு உடன்படுவரோ?

“இனிச் சம்பவிப்பவை என்று முதலதிகாரம் கூறுகின்றதே” எனின், அவ்வதிகாரமே ஏழூர்களையும் பெயர்சுட்டி, அவற்றிற்கு அனுப்புக என்கின்றது. சபைக்காலங்கட்கு ஆண்டெல்லை நூலில் யாண்டும் இல்லை. ஆகலின் அக்கணக்கு உரையளவை அன்று. வருங்காலத்தன ஆகலின் காண்டலும் அன்று. கருதலளவை எனின், ஓர் ஏதுவினின்றே முரணிய துணிபுகள் பிறத்தலான் அவ்வேது போலியாம்.

ஆகவே, “இறுதிக்காலம் வந்துற்றது, அறப்பள்ளியானைக் கைவிடுக” என்பார் எவரேனும் உளராயின், வளப்பூர் நாட்டார் அவரை ஒன்று வினவுக: “எவர் கணக்கின்படி?” அவ்வினாவிற்குத் தம்முள் ஒரு விடை கண்டபின்னரன்றோ அவர் மலையேறுதல் முறை!